ஐம்பத்திரண்டாம் இதழின் கடைசிப் பக்கம்

இசக்கிசெல்விக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. கேட்டால் அவளே ஒப்புக்கொள்வாள். நாலு வருஷத்தில் இரண்டு லட்சத்து அறுபதாயிரம் பக்கங்களை ஸ்கேன் செய்தவள். அதில் ஒரு பக்கத்திலாவது அவளுடைய விரல் விழுந்திருக்கிறதா என்றால், கிடையாது. பல்கலைக்கழக நூலகத்தின் ஸ்கேன் அறையில் இது லேசுப்பட்ட காரியம் இல்லை. விரித்த புத்தகத்தைச் சாய்வான தொட்டிலில் கிடத்தி, கண்ணாடியை இறக்கி, காலால் மிதியை அழுத்தினால் மேலே இருக்கிற இரண்டு கேமராவும் ஒன்றாகப் படம் எடுக்கும். கண்ணாடியை ஏற்று, தாளைப் புரட்டு, இறக்கு, மிதி. நாள் முழுக்க இதே கதை. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு கண் சொக்குகிற நேரத்தில், தாளின் ஓரத்தைப் பிடித்த விரல் படத்துக்குள் வந்துவிடும். வந்தால் அந்தப் பக்கம் ஃபெயில்.

ஃபெயில் போடுகிறவன் பிரைட்டன். அடுத்த மேஜையில் உட்கார்ந்து ஒவ்வொரு படத்தையும் சரிபார்ப்பது அவன் வேலை. தாராவிக்குப் பக்கத்தில் ஆண்டாப் ஹில்லில் பிறந்து வளர்ந்தவன். தமிழ் வாயில் வரும், எழுத்தைக் காட்டினால் முழிப்பான். "அக்கா, உங்க விரல் என்னைக்கு ஃபிரேம்ல விழுதோ, அன்னைக்கு ஃபுல் ஸ்டாஃபுக்கும் கிங்ஸ் சர்க்கிள்ல நெய் ரோஸ்ட். என் செலவு" என்று வேலைக்குச் சேர்ந்த முதல் மாதமே சபதம் போட்டிருந்தான். "அப்போ உனக்குச் செலவே கிடையாதுன்னு வச்சுக்கோ" என்று சொல்லிவிட்டு இவள் மிதியை அழுத்துவாள்.

கர்வத்துக்கு இன்னொரு காரணமும் இருந்தது. பழைய தாள் என்றால் அதில் பழுப்பு இருக்கும், ஈரக்கறை இருக்கும், யாரோ எப்போதோ சிந்திய டீ இருக்கும். மற்றவர்கள் படம் எடுத்த பிறகு கம்ப்யூட்டரில் உட்கார்ந்து அதையெல்லாம் ஒவ்வொன்றாகத் துடைப்பார்கள். இசக்கி அந்தப் பாடே வேண்டாம் என்று, படம் எடுக்கும்போதே கறை விழாதபடி மென்பொருளில் ஒரு செட்டிங் செய்து வைத்தாள். அழுத்தமான மை மட்டும் நிற்கும்; வெளிறிய மஞ்சள், பழுப்பு, ஊதா எதுவாக இருந்தாலும் காணாமல் போய்விடும். பக்கம் துவைத்து நீலம் போட்ட வேட்டி கணக்காக வரும். அறையில் எல்லோரும் அதற்கு 'இசக்கி செட்டிங்' என்றே பேர் வைத்து, இரண்டு வருஷமாக அதில்தான் எடுத்தார்கள்.

அந்தப் பேர் அறைக்குள் மட்டும்தான். வெளியே இணையதளத்தில் புத்தகம் ஏறும்போது, எழுதியவர் பெயர், கொடுத்தவர் பெயர், நூலகத்தின் பெயர், நிதி தந்தவர் பெயர் எல்லாம் வரும். ஸ்கேன் செய்தவர் என்ற இடத்தில் 'ஆப்பரேட்டர் 7' என்று வரும். ஏழு என்பது இவள். அதனால் தனக்கு ஒன்றும் வருத்தமில்லை என்று யாரும் கேட்காமலே இரண்டு மூன்று தடவை சொல்லியிருக்கிறாள். கேட்காமலே சொன்னால் என்ன அர்த்தம் என்று நமக்குத் தெரியாதா!

இன்னொன்றும் சொல்லிவிட வேண்டும். அவள் தாராவியில் முனிசிபாலிட்டி தமிழ்ப் பள்ளியில் பத்தாவது வரை படித்தவள், தமிழை மடமடவென்று படிப்பாள். ஆனால் ஸ்கேன் செய்கிறதை ஒரு வரிகூடப் படிக்க மாட்டாள். படிக்க ஆரம்பித்தால் கை நின்றுவிடும் என்பது அவள் கட்சி. கண் தாளின் ஓரத்தில் இருக்க வேண்டும், எழுத்தில் இல்லை.

இப்படி இருக்கும்போதுதான் 'நம்ம சேதி' வந்து சேர்ந்தது.

அது ஒரு கையெழுத்துப் பத்திரிகை. தாராவியில் தோல் பதனிடுகிற தொட்டியில் வேலை பார்த்த சவரியான் என்பவர் எழுபது எழுபத்தைந்து வருஷத்துக்கு முன்னால் மாதம் ஒன்றாக எழுதியது. அச்சு கிடையாது, ஒரே ஒரு பிரதி. அது ரூம் ரூமாகச் சுற்றி வரும், படித்தவர்கள் கடைசித் தாளில் கையெழுத்துப் போட்டு அடுத்த ரூமுக்குத் தள்ளிவிட வேண்டும். ஒவ்வொன்றும் முப்பத்தாறு பக்கமாக மொத்தம் ஐம்பத்திரண்டு இதழ், ஒன்று குறையாமல் ஒரு தகர டிரங்கில் இருந்தது. அதைக் கொண்டுவந்தது சவரியானின் மருமகள் லூசியம்மாள். தாராவியில் தோல் பை தைக்கிற பட்டறை வைத்திருக்கிறவள், ஐம்பத்தெட்டு வயது, நாக்கில் கத்தரிக்கோல். நூலகத்தில் இந்தத் திட்டத்துக்குப் பொறுப்பான பத்மஜா மேடம், மாட்டுங்காவில் மூன்று தலைமுறையாக ஆபீஸ் உத்தியோகம் பார்த்த வீட்டுப் பெண், எழுந்து நின்று வரவேற்றார்.

"யாரு வேணும்னாலும் பாக்கலாம்னீங்களே, நெசந்தானா?" என்று லூசியம்மாள் கேட்டாள்.

"நிஜம்தாம்மா. உலகத்துல எங்க இருந்து வேணும்னாலும் பாக்கலாம். காசு கிடையாது, யார்கிட்டயும் பர்மிஷன் கேக்க வேண்டாம்."

"அப்ப எடுத்துக்கிடுங்க. ஆனா எங்க மாமனார் ஒரு விதி வச்சிருக்காரு. ஒரு ரூம்ல ரெண்டு நாளு. அதுக்கு மேல வச்சிருந்தா அடுத்த புஸ்தகத்துல அவுக பேரு வந்துரும், இன்னார் லேட்டுன்னு. ஒங்களுக்கு ரூமு பெருசு, அதனால நாப்பது நாளு தாரேன். நாப்பதாம் நாளு அஞ்சு மணிக்கு டாக்சியோட வந்து நிப்பேன்."

பத்மஜா சிரித்தார். லூசியம்மாள் சிரிக்கவில்லை.

இருபது நாளில் இசக்கி ஆயிரத்து எண்ணூற்று எழுபத்திரண்டு பக்கத்தையும் எடுத்து முடித்தாள். எழுத்து பளிச்சென்று நின்றது, பக்கம் வெள்ளை வெளேர் என்று இருந்தது, பிரைட்டன் ஒரு குறைகூடச் சொல்லவில்லை. கடைசித் தாள்களில் கையெழுத்துகளுக்குக் கீழே வெளிறிய ஊதாவாகத் திட்டுத் திட்டாக ஏதோ கறை இருந்தது. அதையும் செட்டிங் சுத்தமாக எடுத்துவிட்டிருந்தது. முடித்த அன்று வீட்டுக்குப் போகும் வழியில் தனக்குத் தானே ஒரு முழம் மல்லிகைப்பூ வாங்கிக்கொண்டாள்.

முப்பத்தெட்டாம் நாள், புதன்கிழமை. இணையத்தில் ஏற்றுமுன் ஒரு தடவை பார்த்துவிட்டுப் போங்கள் என்று பத்மஜா கூப்பிட்டிருந்ததால் லூசியம்மாள் வந்தாள். பெரிய திரையில் முதல் இதழின் அட்டை வந்தது. குழாயடியில் குடங்களின் வரிசை, சவரியான் பேனாவாலேயே வரைந்தது. "எங்க வீட்டுக்காரரு இருந்து பாக்க குடுத்து வைக்கலியே" என்று மூக்கை உறிஞ்சினாள். பிறகு, "கடேசித் தாளக் காட்டுங்க" என்றாள்.

கடைசித் தாள் வந்தது. மேலே ஒன்பது கையெழுத்து. கீழே தாள் நெடுக வெள்ளை.

"ஆளுகள எங்க?"

"கையெழுத்தெல்லாம் இருக்கேம்மா" என்றார் பத்மஜா.

"கையெழுத்து இருக்கு. கீழ உள்ள ஆளுகள எங்க? பெருவிரல் வச்சவுகள?"

ஒருவருக்கும் புரியவில்லை. லூசியம்மாளே எழுந்துபோய் டிரங்கைத் திறந்து, முதல் இதழை எடுத்துக் கடைசித் தாளைப் பிரித்து மேஜையில் வைத்தாள். ஊதாத் திட்டுகள். "எனக்கும் எழுத்து வராது, ஆனா இது என்னன்னு தெரியும். படிக்கத் தெரியாதவுகளுக்கு ஒருத்தர் சத்தமா படிச்சுக் காட்டுவாரு. முழுசாக் கேட்டு முடிச்சவுக பெருவிரல வைக்கணும். கேட்டவுகளும் வாசகருதான்னு மொத புஸ்தகத்துலயே எழுதிருக்காம்."

பத்மஜா குனிந்து பார்த்தார். "ரேகையே தெரியலையேம்மா. கறை மாதிரின்னா இருக்கு."

"சுண்ணாம்புத் தொட்டியில பச்சத் தோல ஊறப்போட்டு எடுக்கிற கையி. ரேகை எங்க இருக்கும்? எனக்கே ரேஷன் கடை மிஷின்ல விரல் விழ மாட்டேங்கு. அதுக்காக நான் ஆளில்லன்னு ஆயிருமா?"

இசக்கி முதல் இதழின் இரண்டாம் பக்கத்தைப் புரட்டினாள். அழகான சாய்வெழுத்தில் இருந்தது: 'வாசிக்க அறியாதவர்கள் கேட்டு முடித்தபின் கடைசித் தாளில் பெருவிரல் வைக்கவும். பிடித்த இடம் இருந்தால் அதன் ஓரத்திலும் வைக்கலாம். கேட்பவரும் வாசகரே.' இதே பக்கத்தைத் தன் கையாலேயே எடுத்திருக்கிறாள். படிக்கவில்லை, அவ்வளவுதான்.

"ரொம்ப மங்கின மைம்மா. கேமராவுல ஏறலை போலிருக்கு" என்று பத்மஜா சமாதானமாகச் சொன்னார். அவருக்கு நிஜமாகவே அப்படித்தான் தோன்றியது.

இசக்கி அப்போது வாயை மூடிக்கொண்டு நின்றிருந்தால் போதும். கேமராமேல் பழியைப் போட்டு எல்லோரும் கலைந்து போயிருப்பார்கள். செட்டிங்குக்கும் கெட்ட பேர் வராது, இவளுக்கும் வராது. பிரைட்டன்கூடக் கண்ணால் 'விடுங்க அக்கா' என்றான்.

"கேமராவுல ஏறும் மேடம்" என்றாள். "நாந்தான் ஏறாம பண்ணிட்டேன். என் செட்டிங்கு வெளிறின கலரெல்லாம் எடுத்துரும். இதக் கறைன்னு நெனச்சேன். படம் எடுக்கும்போதே போயிருச்சு, மூலப் படத்துலயும் கிடையாது." ஒரு மூச்சு விட்டுச் சேர்த்தாள்: "இதுக்கு முன்னாடி ரெண்டு வருஷமா எடுத்ததுலயும் என்னென்ன போச்சோ, தெரியல."

பத்மஜா கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். திட்டியிருந்தால் இசக்கிக்கு நன்றாக இருந்திருக்கும். "மத்ததெல்லாம் நம்ம அலமாரியில இருக்கு. ஒண்ணொண்ணா திரும்பப் பாத்துக்கலாம்" என்று மெதுவாகச் சொன்னார். "இது நாளன்னிக்குப் போயிடும். கடைசித் தாள்களை மட்டும் திரும்ப எடுத்தா போறுமா?"

"போதாது மேடம். ஓரத்துலயும் வச்சிருக்காங்க. முழுசா எடுக்கணும்."

"ஆயிரத்து எண்ணூறு பக்கம், ரெண்டு நாளுல?" பத்மஜா லூசியம்மாள் பக்கம் திரும்பினார். "அம்மா, ஒரு வாரம் கூடக் குடுத்தேள்னா..."

"தாரேன். பேரு வரும்." லூசியம்மாள் செருப்பை மாட்டிக்கொண்டே இசக்கியைப் பார்த்தாள். "ஏட்டி, நீ எங்க இருக்க?"

"தாராவிதான்மா. நைன்ட்டி ஃபீட் ரோடு. அப்பாவுக்கு ஊரு நாங்குநேரி பக்கம்."

"தாராவிக்காரி செய்யிற வேலையா இது?"

அவள் போன பிறகும் அந்தக் கேள்வி அறையில் நின்றுகொண்டே இருந்தது. இசக்கி கம்ப்யூட்டரில் உட்கார்ந்து 'இசக்கி செட்டிங்'கைத் தேடி எடுத்து அழித்தாள்.

"அக்கா! ஃபேமஸ் செட்டிங் அக்கா அது!" என்று பிரைட்டன் பதறினான்.

"தெரியும். போய் உன் வேலையப் பாரு."

வியாழக்கிழமை காலை ஏழரைக்கே வந்துவிட்டாள். சோறு பொங்குகிற பொறுப்பைக் கணவன் கணேசபாண்டியன் தலையில் கட்டிவிட்டு வந்திருந்தாள். கண்ணாடியை ஏற்று, புரட்டு, இறக்கு, மிதி. இப்போது பக்கம் பழுப்பாகவே வந்தது, டீக்கறை வந்தது, பெருவிரல்கள் வந்தன. முதல் இதழில் நாற்பத்து மூன்று. குழாயடிச் சண்டையைப் பாட்டாக எழுதியிருந்த பக்கத்தின் ஓரத்தில் மட்டும் பதினோரு விரல், ஒன்றின்மேல் ஒன்றாக. எழுபது வருஷத்துக்கு முன்னால் பதினோரு பேர் ஒரே இடத்தில் சிரித்திருக்கிறார்கள்.

மத்தியானம் இருபதாம் இதழ் முடிந்தபோது பிரைட்டன் தலையைத் தூக்கினான். "அக்கா, செட்டிங் முழுசா போயிருச்சா? விரல் குறையுதே. பத்தாவதுல முப்பத்தஞ்சு இருந்துச்சு. இதுல இருபத்தாறுதான்."

இசக்கி எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு அசல் தாளையும் திரையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எண்ணினாள். அசலிலும் இருபத்தாறுதான். மறுபடி எண்ணினாள். அப்படியே. பிறகு மேலே பார்த்தாள். முதல் இதழில் ஒன்பதாக இருந்த கையெழுத்து இருபத்தேழாக ஆகியிருந்தது.

இருபத்துநாலாம் இதழில் 'சுடலைக்கண்ணன்' என்று ஒரு புதுக் கையெழுத்து. ஒவ்வொரு எழுத்தும் ஒவ்வொரு திசையில் நிற்கிறது, கடைசி எழுத்துக்குத் தாளில் இடம் இல்லாமல் கீழே இறங்கிவிட்டது. பேனாவை எவ்வளவு அழுத்தினாரோ, நிப்பு தாளைக் கீறியிருக்கிறது. முப்பதாம் இதழில் அதே பெயர் ஒரு மாதிரியாக நேராகிவிட்டது. நாற்பதில் கீழே ஒரு கோடு இழுத்து, இரண்டு புள்ளி வைத்து, பெரிய ஆபீசர் கணக்காகக் கையெழுத்து. நாலு வருஷத்தில் முதல் முறையாக இசக்கியின் கை தொட்டில்மேல் நின்றது. வாய்விட்டுச் சிரித்தாள், கண்ணில் தண்ணீரும் வந்தது.

"பிரைட்டன், இது கறையே இல்லடா. இது பள்ளிக்கூட ரிஜிஸ்டரு" என்றாள். அவன் ஒரு தாளை எடுத்து, இதழ் இதழாக விரல் எத்தனை, கையெழுத்து எத்தனை என்று எழுத ஆரம்பித்தான்.

வெள்ளிக்கிழமை நாலரை மணி. பாக்கி ஒரே ஒரு பக்கம், ஐம்பத்திரண்டாம் இதழின் கடைசித் தாள். நாலே நாலு பெருவிரல், மேலே ஐம்பத்தோரு கையெழுத்து. இரண்டு தடவை புரட்டியதில் தையல் ஓரம் விட்டுக்கொடுத்து, தாள் ஒரு நூலில் தொங்கிக்கொண்டிருந்தது. கண்ணாடியை இறக்கினால் பிய்ந்துவிடும். இறக்காவிட்டால் சுருண்டு எழுகிறது. ஸ்கேலால் பிடித்துப் பார்த்தாள், நழுவியது. பழைய தாளை ஒட்டித் தைக்கிறவரைக் கூப்பிட்டுச் சரிசெய்ய இரண்டு நாளாகும். வாசலில் டாக்சிக் கதவு அடைக்கிற சத்தம் கேட்டது.

இசக்கி இடது பெருவிரலால் தாளின் கீழ் ஓரத்தை மெல்லப் பிடித்துக்கொண்டு மிதியை அழுத்தினாள்.

அடுத்த மேஜையில் பிரைட்டன் எழுந்து நின்றுவிட்டான். திரையில் நாலு ஊதா விரல்களுக்குப் பக்கத்தில், நகத்தில் பாதி உதிர்ந்த சிவப்புப் பாலிஷோடு, ஐந்தாவதாக ஒரு பெருவிரல். "அக்கா... விழுந்துட்டீங்க அக்கா" என்றான், செத்த வீட்டில் பேசுகிற குரலில்.

லூசியம்மாள் உள்ளே வந்தபோது எல்லோரும் அந்தத் திரையின் முன்னால்தான் நின்றார்கள். "வெட்டி எடுத்துடலாம் இசக்கி, ஒரு நிமிஷ வேலை" என்று பத்மஜா சொல்லிக்கொண்டிருந்தார். உண்மைதான். கறை எடுப்பதில் இவளைவிட ஆள் யார்?

"இது யாரு வெரலு?" என்று லூசியம்மாள் கேட்டாள்.

"என்னோடதும்மா."

"கேட்டியா? படிச்சியா?"

இசக்கி தலையைக் குனிந்தாள். "இல்ல. எடுக்கத்தான் நேரம் இருந்துச்சு."

"கேக்காம வெரல் வைக்கப்படாது. அதுவும் விதிதான்." லூசியம்மாள் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். கைப்பையை மடியில் வைத்துக்கொண்டாள். "படி."

"இப்பவா? அஞ்சு மணி ஆச்சும்மா."

"அதான் சொல்லுதேன், படி. இந்தப் புஸ்தகத்த எங்க வீட்டுக்காரரு போனதுக்குப் பொறவு யாரும் எனக்குப் படிச்சுக் காட்டல."

இசக்கி தொட்டிலிலிருந்து இதழை எடுத்து மேஜையில் வைத்து முதல் பக்கத்திலிருந்து படித்தாள். குழாயடிச் சண்டை ஐம்பத்திரண்டாவது தடவையாகத் தொடர்ந்தது. பதினேழாம் ரூம் ஆடு காணாமல் போய், ஒன்பதாம் ரூம் கட்டிலடியில் கிடைத்த அறிவிப்பு வந்தது. தாதரில் இறங்க வேண்டியவர் ரயிலில் தூங்கிப்போய்க் கல்யாண் வரை போனதையும், அங்கே பழைய கடன்காரரைச் சந்தித்ததையும் ஒரு கதையாக எழுதியிருந்தார் சவரியான். பாதியில் டாக்சி டிரைவர் கரீம் பாட்சா மாடியேறி வந்து, "அக்கா, வெயிட்டிங் ஓடிக்கிட்டே இருக்கு" என்றார். ஆடு கட்டிலடியில் தும்மிய இடத்தில் அவரும் சிரித்துவிட்டு, கதவுப் பக்கமாக நின்று கேட்க ஆரம்பித்தார். அப்புறம் வெயிட்டிங்கைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை.

கடைசியில் ஒரு குறிப்பு இருந்தது. இசக்கி படித்தாள்:

'முதல் இதழில் பெருவிரல் நாற்பத்து மூன்று. இந்த இதழில் நாலு பேர்தான் வைப்பார்கள் என்று எண்ணுகிறேன். மற்ற எல்லோரும் கையெழுத்துப் போடுகிறார்கள். தாதருக்குப் போய்த் தாங்களே பத்திரிகை வாங்குகிறார்கள். போன மாதம் என் எழுத்தில் ஆறு பிழை கண்டுபிடித்து, சுடலைக்கண்ணன் என் வாசலில் வந்து நின்று சண்டை போட்டார். அதைவிடப் பெரிய சந்தோஷம் எனக்கு இனிமேல் வரப்போவதில்லை. ஆகவே இத்துடன் நிறுத்திக்கொள்கிறேன். மீதி நாலு பேருக்கும் படித்துக் காட்ட ஒவ்வொரு ரூமிலும் இப்போது ஆள் இருக்கிறது. வணக்கம்.'

கடைசி வரிக்கு வரும்போது அவள் குரல் உடைந்துவிட்டது. அழுகை இல்லை, பெருமைதான். தான் தினமும் நடந்து வருகிற தெருக்களில், சுண்ணாம்பில் ரேகை போன கையை வைத்துக்கொண்டு, இத்தனை பேர் ஒருவர் பின் ஒருவராக எழுத்துக் கூட்டிப் படித்திருக்கிறார்கள். அதற்குச் சாட்சி இந்த ஐம்பத்திரண்டு தாள். அதைத்தான் சுத்தம் செய்து வைத்திருந்தாள்.

"அந்த நாலு பேரு யாருக்கா?" என்று கதவுப் பக்கமிருந்து கரீம் பாட்சா கேட்டார்.

"மூணு பேரு யாருன்னு தெரியல. ஒண்ணு எங்க மாமியாரு." லூசியம்மாள் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "கடேசி வரைக்கும் படிக்கவே மாட்டேன்னுட்டாவ. மாமனாரும் கெஞ்சிப் பாத்தாராம். 'நான் படிச்சிட்டா அப்புறம் நீரு எனக்கு உக்காந்து படிச்சுக் காட்டுவீரா?'ன்னு கேட்டாவளாம். மனுசன் அதோட வாய மூடிட்டாரு."

பத்மஜா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிரைட்டன் திரையைக் காட்டினான். "மேடம், இந்தப் பக்கம் பாஸா, ஃபெயிலா?"

பத்மஜா பதில் சொல்லுமுன் லூசியம்மாள் சொன்னாள், "அஞ்சாவது ஆளு. இப்ப முழுசாப் படிச்சுட்டா. யாரும் அவள எடுக்கப்படாது."

பிரைட்டன் பச்சைப் பொத்தானை அழுத்தினான்.

டிரங்கைப் பூட்டி, கரீம் பாட்சா தோளில் ஏற்றிய பிறகு லூசியம்மாள் சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தாள். "ஆறு பத்து. ஒரு மணி பத்து நிமிஷம் லேட்டு. பேரு வரணும்."

"நீங்கதானம்மா படிக்கச் சொன்னீங்க!"

"சொன்னேன். விதி விதிதான்."

பத்மஜாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. இதழைப் பற்றிய விவரங்களில் 'குறிப்பு' என்று ஓர் இடம் உண்டு, அதில் போட்டுவிடலாம் என்று கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார். 'தாமதமாகத் திருப்பித் தந்தவர்: ஆப்பரேட்டர் 7' என்று அடித்துவிட்டு, என்ன அடித்தோம் என்று வாசித்தும் காட்டினார்.

"ஏழுன்னா யாரு? ஏழாம் நம்பர் ரூமா?" லூசியம்மாளுக்குக் கோபமே வந்துவிட்டது. "எங்க மாமனாரு ஒருத்தரையும் நம்பரு போட்டு எழுதல. பேரு போடுங்க."

பத்மஜா ஒரு நிமிஷம் விசைப்பலகைமேல் கையை வைத்தபடி இசக்கியைப் பார்த்தார். பிறகு ஏழை அழித்துவிட்டு அடித்தார். இசக்கி ஒவ்வோர் எழுத்தும் விழுவதைப் பின்னாலிருந்து பார்த்துக்கொண்டே நின்றாள்.

அடுத்த நாள் கிங்ஸ் சர்க்கிளில் பதினோரு நெய் ரோஸ்ட் ஆனது. பிரைட்டன் பில்லைப் பார்த்து முகத்தைச் சுளித்தாலும் முழுசாகக் கொடுத்தான். பத்து நாள் கழித்து 'நம்ம சேதி' இணையத்தில் எல்லோருக்கும் திறந்தது. அன்று இரவுச் சாப்பாட்டுக்கு முன்னால் கணேசபாண்டியன் போனை எடுத்து, மனைவி சொன்ன இடத்தில் தொட்டு, எழுத்துக் கூட்டிப் படித்தான்.

"நம்ம சேதி, இதழ் ஐம்பத்திரண்டு. எழுதியவர், சவரியான். வாசகர்கள், கையெழுத்து ஐம்பத்தொன்று, பெருவிரல் ஐந்து. குறிப்பு... தாமதமாகத் திருப்பித் தந்தவர், இசக்கிசெல்வி, தாராவி. தாமதம், ஒரு மணி பத்து நிமிடம்." போனைக் கீழே வைத்துவிட்டான். "என்னட்டி இது? உலகம் பூரா பாக்குற எடத்துல ஒன்னயப் பத்தி இப்படியா போட்டு வைப்பாங்க? கேக்க ஆளில்லன்னு நெனச்சானுவளா?"

இசக்கிசெல்வி அடுப்பை அணைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு வந்து அவன் எதிரில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

"இன்னொரு தடவ படிங்க" என்றாள். "சத்தமா. பக்கத்து ரூமுக்கும் கேக்கட்டும்."